கத்திப் பிடிக்கு கார்பி போல்ட்: போல்ட் ஓகே, கூட வந்த டிரில்ல மட்டும் நம்பிடாதீங்க

மொதல்லயே சொல்லிடறேன், நான் கத்தி செய்யறவ இல்ல, பல் செட் செய்யறவ. பெங்களூர் ஜெயநகர் பக்கம் ஒரு டென்டல் லேப்ல பதினோரு வருஷமா வேல. அப்பா விமானம் செய்யற ஹெச்ஏஎல் கம்பெனில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வீட்ல சும்மா உக்கார முடியாம மாடில ஒரு பெஞ்ச் டிரில்லும் ஒரு பெல்ட் கிரைண்டரும் போட்டு என்னையும் இழுத்து விட்டுட்டாரு. இதுவரைக்கும் ஏழு கத்தி பண்ணிருக்கோம், எல்லாமே கிச்சன் கத்திதான், ஒண்ணுகூட விக்கல, சொந்தக்காரங்க தலைலதான் கட்டிருக்கோம்.

எதுக்கு போல்ட்டுன்னா, மொத ரெண்டு கத்திக்கு வெறும் பித்தளை ராட வெட்டி ஓட்டைல சொருகி அரால்டைட் போட்டு ஒட்டினோம். பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. அம்மா அத சிங்க்ல சாம்பார் பாத்திரத்தோட ராத்திரி முழுக்க ஊறப் போடறது வழக்கம், எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாங்க, ஒன்றர வருஷத்துல பிடியோட முன்பக்கம் நூல் அளவு தூக்கிக்கிச்சு. உள்ள தண்ணி போயி துரு. நழுவாம நிக்கத்தான் அந்த ராட், மரத்த அமுக்கிப் பிடிக்கறது பசை மட்டும்தான். அடிச்சு தலை விரிச்சா பிடிக்கும், ஆனா காஞ்ச ஈட்டி மரத்து மேல சுத்தியல் வெக்க எனக்குப் பயம். ஊர்ல அரிவாளுக்கு வாலப் பழுக்கக் காய்ச்சி மரத்துல எறக்கி வாய்ல பூண் மாட்டிடுவாங்க, சில எடத்துல அரக்கு ஊத்துவாங்க, அது வேற கத. நம்மது ஃபுல் டாங், இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகும், ரெண்டு பக்கமும் மரப் பத்தை. அதுக்கு மரை போட்ட போல்ட்டுதான் சரின்னு அப்பா ஒத்தக் கால்ல நின்னாரு.

கார்பி போல்ட் தெரியாதவங்களுக்கு. அது ரெண்டு துண்டு. ஒண்ணு பெண், தடிமனான தலை, கீழ கொஞ்சம் ஒல்லியான குழல், குழலுக்குள்ள மரை. இன்னொண்ணு ஆண், அதே தடிமன் தலை, கீழ மரை போட்ட தண்டு. ரெண்டு தலைலயும் திருப்புளி வெக்க பள்ளம் இருக்கும். ரெண்டு பக்கத்துலருந்தும் திருகினா தலையோட தோள், அதாவது தலையோட அடி விளிம்பு, மரத்துக்குள்ள இருக்கற படில உக்காந்து ரெண்டு பத்தையவும் இரும்போட சேத்து அமுக்கும். அப்புறம் வெளிய நீட்டிட்டு இருக்கற தலைய பள்ளத்தோட சேத்து அறுத்துத் தேச்சு மரத்தோட சமமாக்கிட்டா வெறும் வட்டம் மட்டும் தெரியும், பாக்கறவங்களுக்கு ஏதோ ஆணி மாதிரி இருக்கும், உள்ள மரை இருக்கறது நமக்கு மட்டும்தான் தெரியும். திரும்ப கழட்டவே முடியாதுன்றதும் ஞாபகம் இருக்கட்டும்.

நான் வாங்கினது ஆன்லைன்ல, கத்தி சாமானா விக்கற ஒரு செல்லர்கிட்ட, பேர் போடல, எதுக்கு வம்பு. கால் இஞ்ச் தலை, பித்தளை, பத்து செட் 950 ரூபா. ஸ்டீல் ரெண்டு செட் தனியா. அதுக்குன்னே ஸ்டெப் டிரில் ஒண்ணு 780. நாலு நாள்ல வந்துடுச்சு, பேக்கிங் நல்லாருந்துச்சு, பெண்ணும் ஆணும் ஜோடியா திருகியே அனுப்பிருந்தாங்க, அது ஒரு நல்ல விஷயம்.

வந்ததும் அப்பா பண்ண மொத வேல வெர்னியர எடுத்ததுதான். தலை 6.33 மில்லி, கால் இஞ்ச்னா 6.35 வரணும், சரி, பத்துலயும் ஒரு மில்லில நூறுல ரெண்டு மூணு பங்குக்கு மேல வித்தியாசமில்ல. குழல் 4.75, அது 3/16 இஞ்ச், அதுவும் சரி. மரை 6-32ன்னு கவர்ல எழுதிருந்தது. இது அமெரிக்க இஞ்ச் கணக்கு மரை, நம்மூர் மெட்ரிக் மரை இல்ல, எம்3யும் போகாது எம்4உம் போகாது, எப்படி செக் பண்றதுன்னு யோசிச்சா சிரிப்பு என்னன்னா கம்ப்யூட்டர் கேபினட்ல போடற தடி ஸ்க்ரூ இருக்கே, அது 6-32தான். கம்ப்யூட்டர் சாமானும் டூல்ஸும் விக்கற எஸ்பி ரோட்ல அத கைல அள்ளிக் குடுப்பாங்க. வீட்ல செத்துப் போன சிபியூலருந்து ஒண்ணக் கழட்டி பெண் துண்டுல விட்டுப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி போச்சு, பத்துல ஒண்ணுல மட்டும் உள்ள பித்தளைத் தூள் அடச்சிட்டு இருந்துச்சு, ஊசி வெச்சு நோண்டினதும் சரியாயிடுச்சு. போல்ட் விஷயத்துல குத்தம் சொல்ல எடமில்ல.

இப்ப டிரில்லு. இதுக்குத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன்.

ஸ்டெப் டிரில்லுன்னா முன்னாடி ஒல்லி, பின்னாடி தடிமன், ஒரே எறக்குல குழலுக்கான ஓட்டையும் தலைக்கான பெரிய ஓட்டையும் ஒரே மையத்துல விழும். தனித்தனி பிட் வெச்சு போட்டா மையம் மயிரளவு தள்ளிப் போயிடும், அதனாலதான் இத வாங்கறது. இவங்க அனுப்பினதுல தடிமன் பாகம் 6.6 மில்லி. தலையோ 6.33. பக்கத்துக்கு 0.13 மில்லி இடைவெளிதானேன்னு தோணும். மரத்துல அது கண்ணுல குத்தும், ஏன்னா அந்த இடைவெளில பசையும் மரத்தூளும் சேந்து கருப்பா ஒரு வளையம் வந்துடும், பித்தளைப் பொட்டுக்கு மை தீட்டின மாதிரி. லேப்ல நான் பல்லு மேல மாட்டற ஒரு கிரவுன இந்த மாதிரி இடைவெளியோட அனுப்பினா டாக்டர் மூஞ்சில விட்டெறிவாரு.

அளவு கூட பரவால்ல. பெரிய தப்பு படியோட வடிவம். போல்ட் தலையோட தோள் அடில தட்டையா இருக்கு, அப்ப மரத்துக்குள்ள படியும் தட்டையா விழணும். இந்த டிரில்லுல அந்த எடத்த சாதா டிரில் முனை மாதிரி சாய்வா தீட்டிருக்காங்க, படி புனல் மாதிரி உள்ள எறங்குது. தட்டையான தலை புனல்ல உக்காந்தா என்னாகும், வெளி விளிம்பு மட்டும்தான் மரத்தத் தொடும், மொத்த அமுக்கமும் அந்த மெல்லிசு வளையத்துல. இது எனக்கு அப்ப தெரியல. பழைய கட்டில் கால்லருந்து அறுத்த ஈட்டிப் பத்தை, அப்பாவோட அத்தை வீட்டுக் கட்டில், அத இந்த டிரில்லால போட்டு பசையில்லாம சும்மா ஒரு தடவ திருகிப் பாத்தேன். இறுகிடுச்சு, இன்னும் ஒரு அரைச் சுத்து விடுவோமேன்னு விட்டேன், டிக்னு ஒரு சத்தம். ஓட்டைலருந்து பிடியோட ஓரம் வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அரைச் சுத்து விட்டது என் கொழுப்பு, ஒத்துக்கறேன், ஆனா படி தட்டையா இருந்திருந்தா அந்த மரம் தாங்கிருக்கும். அப்பா ஒண்ணும் சொல்லல, வெர்னியர தொடச்சு பெட்டில வெச்சிட்டு கீழ போயிட்டாரு. திட்டிருந்தா கூட பரவால்ல.

மறுநாள் லன்ச் டைம்ல சிக்பேட்டை மெட்ரோல எறங்கி எஸ்பி ரோடு போனேன். சந்துக்குள்ள டூல் கிரைண்டிங் பண்றவரு ஒருத்தர், ஆம்பூர்க்காரராம். டிரில்ல வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. "இன்னாக்கா இது, கூம்பா தீட்டிக்கீறாங்க? கவுண்டர்போர் தானே வோணும் ஒனுக்கு?" கவுண்டர்போர்னா அடி தட்டையா இருக்கற படி ஓட்டை. அவ்ளோதான், நான் விளக்கவே வேணாம். பழசத் தொடாதீங்க, புதுசா கால் இஞ்ச் ஹெச்எஸ்எஸ் பிட் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பி, அதோட முன்பாகத்த மட்டும் 4.8க்கு எறக்கி, படிய நேரா வெட்டித் தந்தாரு. பிட்டுக்கு 120, கூலி 250, ஒரு மணி நேரம். மொத்தம் 370ல சரியான சாமான், ஆன்லைன்ல 780 குடுத்து தப்பான சாமான். திரும்பி வரப்ப மெட்ரோல பேக ஸ்கேன் பண்ணிட்டு செக்யூரிட்டி அம்மா "ஏனம்மா இது"ன்னு டிரில்ல எடுத்துப் பாத்தாங்க, டென்டல் லேப் ஐடி கார்ட காட்டினதும் பல்லுல ஓட்ட போட இவ்ளோ பெருசான்னு ஒரு பார்வ.

அளவுக் கணக்குக்கு வரேன், பசை பூசறதுக்கு முன்னாடி இத பேப்பர்ல போட்டுப் பாத்துடுங்க. என் பத்தை ஒவ்வொண்ணும் 9.5 மில்லி தடிமன், டாங் 3 மில்லி. தலைக்கு அடில குறைஞ்சது 3 மில்லி மரமாவது மிச்சம் இருக்கணும், நான் 4 விட்டேன், அப்ப பெரிய ஓட்டை 5.5 ஆழம். தோளுக்கும் தோளுக்கும் நடுல 4ம் 3ம் 4ம், 11 மில்லி. பெண் துண்டோட குழல் 10.2 நீளம், 11க்குள்ள அடங்குது, அதனால தலை ரெண்டும் மரத்த அமுக்கற வரைக்கும் குழலோட நுனி எதுலயும் இடிக்காது. இதே போல்ட்ட 2 மில்லி டாங் இருக்கற சின்னக் காய்கறிக் கத்திக்குப் போட்டேன், நடு தூரம் 10தான் வருது, குழல் 10.2. திருகினா டைட்டாவே இருக்கு, ஆனா பத்தை ஆடுது! குழல் நுனி போய் எதிர்த் தலைல இடிச்சு நின்னுடுச்சு, இறுகினது பித்தளையும் பித்தளையும்தான், மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குழல ஒரு மில்லி அரத்துல ராவினதும் சரியாச்சு. செல்லர் பேஜ்ல இந்தக் குழல் நீளத்த எங்கயுமே போடல, மொத்த நீளம் மட்டும் போட்டிருக்காங்க, ஒரு ஸ்டார் அதுக்கே குறைக்கலாம்.

டாங்ல ஓட்டைய கெட்டிப்படுத்தறதுக்கு முன்னாடியே போட்டுடணும். நம்ம தகடு இஎன்31, பேரிங் ஸ்டீல், ஹீட் ட்ரீட் முடிஞ்சு வந்ததுக்கப்புறம் சாதா பிட் வழுக்கிட்டு நிக்கும், கார்பைடு பிட்தான் வேணும், அது ஒரு ஆட்டம் ஆடினா ஒடஞ்சுடும். 4.75 குழலுக்கு 5 மில்லி ஓட்டை போட்டோம், சூட்டுல இரும்பு லேசா கோணும், அந்தக் கால் மில்லி தாராளம் நம்மள காப்பாத்தும். மரத்துல ஓட்டைய டாங்கயே அச்சா வெச்சு ஒரு பத்தையப் போட்டு, அப்புறம் மறு பத்தை.

பசை போடற நாள். அரால்டைட்ல அஞ்சு நிமிஷத்துல காயறது வேணவே வேணாம், மெதுவா காயற ஸ்டாண்டர்ட்தான், ஏன்னா ரெண்டு போல்ட்ட மாத்தி மாத்தி நிதானமா திருகணும், அதோட வேகமா காயறது தண்ணிக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் விட்டுக் குடுத்துடும், எங்க வீட்டு சிங்க்குக்கு அது தாங்காது. டாங்க 80 நம்பர் உப்புத்தாள்ல நல்லா கீறி அசிட்டோன்ல தொடச்சாச்சு, அதுக்கப்புறம் விரல் படக் கூடாது. போல்ட் வெச்சா பிடிக்கற பிடில பசை மொத்தமும் வெளிய பிதுங்கிடும், அதான் டாங்ல அங்கங்க சின்னச் சின்ன குழி முன்னாடியே போட்டு வெச்சோம், பசை தங்க எடம் வேணும்ல. அப்பா ஒரு பக்கம் திருப்புளிய அசையாம பிடிக்க நான் மறுபக்கம் திருகினேன். "மரை கைக்கு சிக்குச்சா? சிக்குனதுலருந்து கால் சுத்து. அவ்ளோதான்டி, கால்னா கால்." 6-32ல ஒரு முழுச் சுத்துக்கு 0.8 மில்லி நகரும், கால் சுத்துக்கு 0.2, மரத்துக்கு அது ஏகம். போன தடவ நான் விட்ட அரைச் சுத்து எவ்ளோ அராஜகம்னு அப்பதான் உறைச்சுது. பத்தையோட முன் விளிம்ப ஒட்டறதுக்கு முன்னாடியே பாலிஷ் பண்ணிடணும், ஒட்டினப்புறம் அங்க தேச்சா கத்தி மேல கீறல் விழும். அந்த எடத்துல பிதுங்கற பசைய பட்ஸ்ல ஸ்பிரிட் தொட்டு காயறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

திருப்புளி பத்தி ஒண்ணு, வீட்ல இருக்கற எதையாவது வெச்சா பள்ளம் நாசமாயிடும், பித்தளை ரொம்ப மெத்து. அப்பா பழசு ரெண்ட பள்ளத்தோட அகலத்துக்கு நேரா தீட்டி வெச்சிருக்காரு.

ஒரு நாள் முழுக்க விட்டு தலைய ஹாக்சால அறுத்து, அரம், அப்புறம்தான் பெல்ட். இங்க என் லேப் அனுபவம் உதவுச்சு. அக்ரிலிக் பல் செட்ட ஒரே எடத்துல அமுக்கித் தேச்சா சூட்டுல உருகி இழுத்துக்கும், இங்க பித்தளை அந்த சூட்ட நேரா உள்ள கொண்டு போயி பசைய எளக்கும், சுத்தி மரம் கருகும். விரல வெச்சா வெக்க முடியலன்னா நிறுத்தி தண்ணில முக்கணும். வெளிர் மரம்னா பித்தளைத் தூள் நார்க்கண்ணுக்குள்ள போயி பச்சையா நிக்கும், ஈட்டில அது தெரியல. கடைசியா லேப் ப்யூமிஸ் வெச்சு பஃப் போட்டேன், பல் செட்டுக்கு வர்ற பளபளப்பு வந்துச்சு, சுத்தி கருப்பு வளையம் துளிகூட இல்ல.

ஸ்டீல் போல்ட் ரெண்டு செட் சொன்னேன்ல, அத வாங்காதீங்க, அட்லீஸ்ட் என்ன மாதிரி ஆளுங்க. ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் மரைல உரசினா ஒண்ண ஒண்ணு கவ்விக்கும். பாதி வழில ஒண்ணு அப்படியே மாட்டி முன்னயும் போகல பின்னயும் வரல, அறுத்துத்தான் எடுத்தோம். பித்தளை கருக்கும்னு பயப்படறவங்களுக்கு, நம்ம வீட்ல புளி இல்லையா என்ன, குத்துவிளக்குக்குப் போடற அதே புளி. தகட்டுல படாம பாத்துக்கங்க, இஎன்31ல புளி பட்டா அந்த எடம் கருத்துடும்.

லவ்லெஸ் போல்ட்னு இன்னொண்ணு இருக்கு, அமெரிக்கால பாப் லவ்லெஸ்னு ஒரு பெரிய கத்திக்காரர் இருந்தாரு, 2010ல காலமானாரு, அவர் பேருல. நடுல மரை ராட், ரெண்டு பக்கமும் உருண்டை நட்டு, மூணு துண்டு. அதுல குழல் நீளம் தொல்லை இல்ல, ராட நமக்கு வேணும்ன அளவுக்கு வெட்டிக்கலாம். லேத் தெரிஞ்சவங்க கைல இருந்தா அத ஊர்லயே செஞ்சுக்கலாம், அப்பா ஏற்கனவே பித்தளை ராட் எங்க கிடைக்கும்னு பழைய ஃபேக்டரி ஃப்ரெண்டுக்கு போன் போட ஆரம்பிச்சிட்டாரு. மரை கழண்ட குடும்பம்னு அம்மா சொல்றாங்க.

ஸ்டார் கேட்டா பித்தளை போல்ட்டுக்கு நாலு, திரும்ப வாங்குவேன். ஸ்டீலுக்கு ரெண்டு. டிரில்லுக்கு ஒண்ணு, அதுவும் டப்பா நல்லாருந்ததால. டிரில்லுக்கு ரிட்டர்ன் கேட்டு வெர்னியர்ல 6.6 காட்டற போட்டோ, ஈட்டில விழுந்த விரிசல் போட்டோ எல்லாம் அனுப்பினேன், மூணு நாள் கழிச்சு ஒரு வரி வந்துச்சு, "மேடம், ப்ராடக்ட் யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது". யூஸ் பண்ணாம ஓட்டை எவ்ளோ பெருசா விழும்னு எப்படி தெரியும்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. அந்த விரிஞ்ச பத்தைய அப்பா தூக்கிப் போட விடல, பாதியா அறுத்து என் லேப் மைக்ரோமோட்டர் பர் எல்லாம் சொருகி வெக்க ஒரு ஸ்டாண்ட் பண்ணிக் குடுத்திருக்காரு, ஓட்டை மட்டும் புது டிரில்லால.